ஒரே ஒரு பொத்தான்: அசைவு குறைந்தவர்களுக்கான சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது?

உதவித் தொழில்நுட்பம் என்றதும் பலருக்கு இயந்திரக் கையும், மூளைக்குள் வைக்கும் சில்லும், கண்ணசைவில் ஓடும் சக்கர நாற்காலியும்தான் நினைவுக்கு வரும். செய்திகளில் வருவது அவைதான். கூடவே 'அதெல்லாம் காசு உள்ளவர்களுக்கு' என்ற முடிவும் வந்துவிடும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட உதவிப் பொருள்களின் முன்னுரிமைப் பட்டியலில் 50 பொருள்கள் உள்ளன. அதில் கைத்தடிக்கும் இடம் உண்டு, சுவரில் பொருத்தும் கைப்பிடிக் கம்பிக்கும் இடம் உண்டு. அதே நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இப்படிப்பட்ட பொருள்களில் ஒன்றாவது தேவைப்படுவோர் உலகில் சுமார் 250 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்குத் தேவையானது கிடைப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பெரும் பரப்பில் ஒரு சிறிய பொருளைப் பற்றியது: சுவிட்ச். பெருமூளை வாதம், தண்டுவடக் காயம், தசைச்சிதைவு, ஏஎல்எஸ் (நரம்புகள் சிதைந்து தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்), பக்கவாதம் போன்ற காரணங்களால் விசைப்பலகையோ மவுஸோ தொடுதிரையோ பயன்படுத்த முடியாத ஒருவர், தன்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே ஒரு அசைவைக் கொண்டு கணினியையோ போனையோ இயக்க உதவும் பொத்தான் அது. இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக உண்டு. ஒன்று, அந்தப் பொத்தானுக்குள் ஏதோ பெரிய வித்தை இருக்கிறது என்பது. மற்றது, விலை கூடிய பொத்தானை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்பது. பொத்தானை மிக மலிவாகவே செய்துவிடலாம். அதை உடலில் எந்த இடத்துக்குப் பொருத்துவது, எந்த நேர அளவில் வைப்பது என்பதில்தான் முழு உழைப்பும் இருக்கிறது.

காலிங் பெல்லில் தொடங்கலாம்

வாசலில் இருக்கும் காலிங் பெல் பொத்தானைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டு உலோகத் தகடுகள், அவற்றை விலக்கி வைக்கும் ஒரு ஸ்பிரிங். அழுத்தினால் தகடுகள் தொடும், மின்சாரம் ஓடும், மணி அடிக்கும். விரலை எடுத்தால் நின்றுவிடும். பொத்தானுக்கு மணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'தொட்டது', 'விட்டது' என்ற இரண்டு செய்திகளைத்தான் அது சொல்லும்.

அசைவு குறைந்தவர்களுக்கான சுவிட்சும் அதுவேதான். விரலுக்குப் பதிலாகத் தலையாலோ முழங்கையாலோ பாதத்தாலோ அழுத்தத் தோதாக, வட்டமாகவும் அகலமாகவும் செய்திருப்பார்கள். அதன் வயர் நுனியில் 3.5 மி.மீ. மோனோ பிளக் இருக்கும். மோனோ பிளக்கில் முனை ஒரு துண்டு, தண்டு ஒரு துண்டு. இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு கறுப்பு வளையம். சுவிட்சை அழுத்தும்போது முனையும் தண்டும் உள்ளே இணைகின்றன. அவ்வளவுதான்.

இந்த எளிமையே இதன் பலம். யார் செய்த சுவிட்சாக இருந்தாலும் 3.5 மி.மீ. பிளக் இருந்தால் யார் செய்த கருவியிலும் செருகலாம். மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற வீடியோ விளையாட்டுக் கருவியில் இப்படிப்பட்ட 19 துளைகள் உள்ளன. சோனி 2023-இல் வெளியிட்ட ஆக்சஸ் கன்ட்ரோலரில் 4. வீட்டில் அட்டையும் செப்பு டேப்பும் வைத்துச் செய்த சுவிட்சும் அவற்றில் வேலை செய்யும்.

இங்கே இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். போனின் ஹெட்போன் துளையும் இதே அளவுதான் என்பதால் சுவிட்சை அங்கே செருகிவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்பார்கள். அந்தத் துளை ஒலிக்கானது. பொத்தான் அழுத்தத்தை அது விசையாகப் படிக்காது. இரண்டாவது ஆபத்தானது: சுவிட்ச்தானே என்று மின்விசிறியின் வயரை இதன் வழியாகக் கொண்டுபோவது. இந்தப் பிளக்கும் வயரும் பேட்டரி அளவு மின்னழுத்தத்துக்கு மட்டுமே. வீட்டு மின்சாரம் இதன் வழியே ஒருபோதும் ஓடக்கூடாது. விளக்கையும் விசிறியையும் இயக்க வேண்டுமானால் போனிலிருந்து கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் பிளக் வைத்து, போனைச் சுவிட்சால் இயக்குவதுதான் வழி.

இதுவரை: சுவிட்ச் என்பது அழுத்தினால் இணையும் இரண்டு வயர்கள். அது எழுதாது, பேசாது, யோசிக்காது. யோசிக்கும் வேலை கணினியுடையது.

ஒரு அழுத்தம் எப்படி எழுத்தாகிறது?

பேச முடியாத ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஒரு தாளில் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்து, 'இதுவா? இதுவா?' என்று நகர்த்துகிறீர்கள். சரியானதில் விரல் வரும்போது அவர் கண்ணை மூடித் திறக்கிறார். அவர் தந்தது ஒரே ஒரு அசைவு. ஆனால் அதை எப்போது தந்தார் என்பதில்தான் செய்தி இருக்கிறது.

இந்த விரலின் வேலையைத் திரை எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் ஸ்கேனிங். திரையில் உள்ள கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது சுவிட்சை அழுத்தினால் அது தேர்வாகும். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கடைசி ஆண்டுகளில் எழுதியதும் பேசியதும் இந்த முறையில்தான்: கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திய அகச்சிவப்பு உணர்வி கன்னத் தசையின் அசைவைப் பிடித்தது, அந்த ஒரு அசைவுதான் சுவிட்ச். அவருக்காக இன்டெல் உருவாக்கிய ஏகேட் மென்பொருள் 2015 முதல் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டிருக்கிறது.

ஸ்கேனிங்கில் மூன்று வகை உண்டு.

தானியங்கி ஸ்கேனிங்கில் ஒளி தானாக நகரும். நீங்கள் அழுத்தினால் நிற்கும். ஒரே சுவிட்ச் போதும், அழுத்தங்களும் குறைவு. ஆனால் சரியான நொடியில் அழுத்த வேண்டும்.

படிப்படி ஸ்கேனிங்கில் ஒரு சுவிட்ச் ஒளியை நகர்த்தும், இன்னொன்று தேர்ந்தெடுக்கும். நேர நெருக்கடியே கிடையாது. ஆனால் கையோ தலையோ நூற்றுக்கணக்கான முறை அசைய வேண்டும்; சீக்கிரம் சோர்ந்துபோகிறவர்களுக்கு ஆகாது.

மூன்றாவது தலைகீழ் முறை: அழுத்திப் பிடித்தால் ஒளி ஓடும், விட்டால் தேர்வாகும். அழுத்தத் தொடங்குவது சிரமம், ஆனால் பிடித்திருக்க முடியும் என்பவர்களுக்கு இது நல்லது. தசை இறுக்கம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அவர்களுக்கு அழுத்துவதைவிட விடுவதுதான் கடினம்.

தமிழ்ப் பலகையில் ஒரு கணக்கு

ஸ்கேனிங் என்றால் மெதுவானது என்பார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு மெது என்பது பலகையை அடுக்கும் விதத்தைப் பொறுத்தது. போட்டுப் பார்க்கலாம்.

247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் கட்டம் வைக்கத் தேவையில்லை. கணினிக்குள் உயிர்மெய் எழுத்து, மெய்யும் குறியுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. 12 உயிர், ஆய்தம், 18 மெய்வரிசை எழுத்துகள், கால், கொம்பு முதலான 11 துணைக்குறிகள், புள்ளி என்று 43 கட்டங்கள். இடைவெளிக்கும் அழிப்பதற்கும் இரண்டு சேர்த்தால் 45. ஏழுக்கு ஏழு கட்டப் பலகையில் இது அடங்கி, நாலு கட்டம் மிச்சமும் இருக்கும். கிரந்த எழுத்துகளை இரண்டாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

'தண்ணீர்' என்று எழுத வேண்டும். இதில் த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி என ஏழு தேர்வுகள். கட்டங்கள் அகர வரிசையில் இருக்கின்றன, ஒளி நொடிக்கு ஒரு கட்டம் நகர்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு கட்டமாகப் போனால் த-வுக்கு 20 நொடி, ண-வுக்கு 19, புள்ளிக்கு 43 என்று கூட்டிக்கொண்டே போய் மொத்தம் 203 நொடி ஆகும். மூன்று நிமிடத்துக்கு மேல்.

இப்போது முதலில் வரிசை வரிசையாக ஒளிரட்டும். வரிசையைத் தேர்ந்ததும் அதற்குள் கட்டம் கட்டமாக ஒளிரட்டும். த மூன்றாம் வரிசையில் ஆறாவது கட்டம், எனவே 9 நொடி. இப்படியே கூட்டினால் சொல் முழுவதும் 60 நொடியில் முடிகிறது. இதற்குப் பெயர் வரிசை-கட்ட ஸ்கேனிங். ஒரு பைசா செலவில்லாமல் வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். அகர வரிசைப் பலகையில் ஔ-வை அடைய 7 நொடி, புள்ளியை அடைய 8 நொடி. நாள் முழுவதும் எழுதினாலும் தேவைப்படாத ஔ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் வருகிற புள்ளி கடைசி வரிசையில். அ-வையும் புள்ளியையும் மட்டும் இடம் மாற்றினால் புள்ளிக்கு 2 நொடிதான். 'தண்ணீர்' 48 நொடிக்கு இறங்கிவிடும். அடிக்கடி வரும் எழுத்துகளை இடது மேல் மூலையில் குவித்தால் இன்னும் குறையும். பள்ளிக்கூட வரிசையில் அடுக்கினால் தேடுவது எளிது என்று பலர் வாதாடுவார்கள். முதல் வாரத்துக்கு அது சரி. அதற்குப் பிறகு இடங்கள் மனப்பாடம் ஆகிவிடும். நேரம் மட்டும் தினமும் வீணாகும்.

'தண்ணீர்', 'வலிக்கிறது', 'திருப்பிப் படுக்க வை' போன்ற அன்றாடத் தேவைகளை முழுச் சொல்லாகவே மிச்சக் கட்டங்களில் வைத்துவிடுவது நல்லது. இரண்டே அழுத்தத்தில் முடியும். ஆனால் சொற்கட்டங்களை மட்டும் வைத்து எழுத்துகளை எடுத்துவிடாதீர்கள். மற்றவர்கள் முன்கூட்டி யோசித்து வைத்ததைத் தவிர அவர் வேறெதுவும் சொல்ல முடியாமல் போகும்.

வேகத்தை எப்படி முடிவு செய்வது?

ஒரு கட்டம் ஒளிர்ந்து அடுத்ததற்கு நகரும் வரையான நேரத்தை ஸ்கேன் இடைவெளி என்பார்கள். இது குறைவாக இருந்தால் அழுத்தும்போது ஒளி அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். கூடுதலாக இருந்தால் காத்திருந்து காத்திருந்து கவனம் சிதறும்.

உத்தேசமாக வைக்க வேண்டாம், அளந்துவிடலாம். திரையில் ஒரு கட்டம் ஒளிர்ந்ததும் அழுத்தச் சொல்லி, எத்தனை நொடியில் அழுத்துகிறார் என்று பத்துப் பதினைந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரியை 0.65-ஆல் வகுத்தால் தொடங்குவதற்கு ஏற்ற இடைவெளி கிடைக்கும். இது ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த எளிய விதி. சராசரி 0.8 நொடி என்றால் இடைவெளி சுமார் 1.2 நொடி. காலையில் ஒருமுறையும் சாயங்காலம் களைத்திருக்கும்போது ஒருமுறையும் அளந்து, மெதுவான எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் கட்டத்தைத் தவறவிடுகிறார் என்றால் அது வேகக் கோளாறு அல்ல. வரிசையைத் தேர்ந்தெடுத்து விரலை எடுப்பதற்குள் முதல் கட்டம் கடந்துபோய்விடுகிறது. முதல் கட்டத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் தரும் அமைப்பு பல செயலிகளில் இருக்கிறது. அதை ஒரு நொடி கூட்டினால் போதும்; மொத்த வேகத்தையும் குறைக்க வேண்டாம்.

நடுக்கம் வேறு, துள்ளல் வேறு

ஒருமுறை அழுத்தினால் இரண்டு மூன்று எழுத்து விழுகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். இதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு; இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் தீர்வு கிடைப்பதில்லை.

முதலாவது தொடுதுள்ளல். பந்தைத் தரையில் போட்டால் நிற்பதற்கு முன் சிலமுறை துள்ளுவதுபோல, இரண்டு உலோகத் தகடுகள் மோதும்போதும் சில மில்லி நொடிகள் துள்ளித் துள்ளித் தொடும். கணினி அந்த ஒவ்வொரு தொடுதலையும் ஒரு அழுத்தமாக எண்ணிவிடும். 20 மில்லி நொடி பொறுத்துப் பார்க்கச் சொல்லி நிரல் எழுதினால் சரியாகிவிடும். இது பொருளின் குணம். யார் அழுத்தினாலும் வரும்.

இரண்டாவது கை நடுக்கம். பார்க்கின்சன் நோயில் ஓய்வில் இருக்கும் கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். அதாவது ஒரு நடுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 170 முதல் 250 மில்லி நொடி. 20 மில்லி நொடி வடிகட்டியின் முன்னால் இந்த நடுக்கம் உண்மையான அழுத்தமாகத்தான் தெரியும். இங்கே வேண்டியது வேறு இரண்டு அமைப்புகள். ஒன்று, பிடிப்பு நேரம்: இத்தனை நேரம் அழுத்தியே இருந்தால்தான் அழுத்தமாகக் கொள்வது. மற்றது, பூட்டு நேரம்: ஒரு அழுத்தத்துக்குப் பிறகு இத்தனை நேரம் வருகிற எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது. நடுக்கம் உள்ளவர்களுக்குப் பூட்டு நேரத்தை 300 முதல் 500 மில்லி நொடியில் தொடங்கலாம்.

பிடிப்பு நேரத்தை அவசரப்பட்டுக் கூட்டக்கூடாது. தசை பலவீனம் உள்ளவர் ஒரு கணம் மட்டுமே அழுத்த முடியும். அவருக்குப் பிடிப்பு நேரம் வைத்தால் சுவிட்சே செத்துப்போனதுபோல் இருக்கும். நடுக்கத்துக்கு நல்ல மருந்து, பலவீனத்துக்கு விஷம்.

விசைப்பலகையில் தட்ட முடிந்தும் நடுக்கத்தால் தவறுபவர்களுக்கு இதே வசதி விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற பெயரில் எந்தச் செலவும் இல்லாமல் இருக்கிறது. வலது ஷிஃப்ட் விசையை 8 நொடி பிடித்தால் அது வரும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்கானது. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருக்கின்றன இவை. பெரும்பாலோர் தவறுதலாகத் திறந்து எரிச்சலோடு மூடியிருப்பார்கள்.

சுருக்கமாக: ஒளி நகரும் வேகம், பிடிப்பு நேரம், பூட்டு நேரம். சுவிட்சை மாற்றுவதற்கு முன் இந்த மூன்று எண்களையும் மாற்றிப் பாருங்கள்.

எந்த அசைவு, எந்த இடம்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஆனால் சுவிட்ச் வாங்கிய பிறகுதான் பலரும் இதை யோசிக்கிறார்கள்.

கைதான் முதல் தேர்வு என்று எந்தச் சட்டமும் இல்லை. தலையின் பக்கவாட்டு, தாடை, முழங்கை, முழங்கால், பெருவிரல், கன்னம், புருவம் எதுவும் ஆகலாம். பார்க்க வேண்டியது அசைவின் பலத்தை அல்ல, நம்பகத்தை. ஒவ்வொரு இடத்திலும் சுவிட்சை வைத்து, 'இப்போது' என்று சொல்லும்போது அழுத்தச் சொல்லுங்கள். 20 முறை. எத்தனை முறை அழுத்தினார், சொல்லாதபோது எத்தனை முறை அழுத்தம் விழுந்தது, அழுத்திய பின் விடுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 20-இல் 18 முறை சரியாக அழுத்தும் சின்னக் கட்டைவிரல் அசைவு, 20-இல் 12 முறை மட்டும் வருகிற முழுக்கை வீச்சைவிட மேலானது.

அதற்கும் முன்னால் உட்காரும் நிலையைச் சரிசெய்ய வேண்டும். இடுப்பு நழுவிக்கொண்டிருந்தால் கை நிலைக்காது. இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறதா, பாதங்கள் தொங்காமல் எதன் மீதாவது பதிந்திருக்கின்றனவா, முழங்கைக்குத் தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதத்தின் கீழ் ஒரு பலகை வைத்ததுமே கை அசைவு சீராவது உண்டு.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிடம் ஒரு பொறி இருக்கிறது. சிலருக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீளும், மறுபக்கக் கை மடங்கும். இது கழுத்துத் திருப்பத்தால் வரும் அனிச்சைச் செயல். சுவிட்ச் ஒரு பக்கமும் திரை இன்னொரு பக்கமும் இருந்தால், திரையைப் பார்க்கும்போதெல்லாம் கை சுவிட்சை விட்டு விலகும். பார்ப்பவர்கள் 'குழந்தைக்குப் புரியவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். திரையை நேர் எதிரே, கண் மட்டத்தில் வையுங்கள், பிறகு பாருங்கள். அழுத்தாத குழந்தை புரியாத குழந்தை என்று எழுதுவதற்கு முன் சுவிட்சின் இடத்தை நாலு முறையாவது மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

இடம் கிடைத்தபின் அது நகராமல் இருக்க வேண்டும். சுவிட்ச் இரண்டு செ.மீ. நகர்ந்தால் அன்றைய நாள் போச்சு. மேசை மீது வைப்பதென்றால் வெல்க்ரோவோ வழுக்காத ரப்பர் விரிப்போ போதும். தலைக்கு அருகில் வைக்க, வளையும் கழுத்துள்ள மலிவான போன் ஸ்டாண்டை நம்ப வேண்டாம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும், திருகி இறுக்கும் மூட்டுக் கையும் கிளாம்ப்பும் உறுதியானவை. சரியான நிலை கிடைத்ததும் ஒரு புகைப்படம் எடுத்து, கிளாம்ப் இருக்கும் இடத்தில் வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த நாள் வேறொருவர் பொருத்தினாலும் அதே இடத்தில் அமையும்.

எத்தனை கிராம்?

சுவிட்சை இயக்கத் தேவையான அழுத்தத்தை இயக்கு விசை என்பார்கள். கிராமில் சொல்வது வழக்கம். அளப்பதற்குச் சமையலறைத் தராசு போதும். அவர் அழுத்தப்போகும் உறுப்பால் தராசை அழுத்தச் சொல்லுங்கள். ஒருமுறை முழு பலத்தோடு அழுத்துவது கணக்கில்லை. சிரமமில்லாமல் 20 முறை அழுத்த முடிகிற அளவுதான் கணக்கு. அதில் பாதி அளவு இயக்கு விசையுள்ள சுவிட்ச் பொருத்தமாக இருக்கும். 100 கிராம் வருகிறது என்றால் 50 கிராம் சுவிட்ச்.

விசை குறைவாக இருந்தால் எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம். வீச்சாக அசையும் கைக்கு மெல்லிய சுவிட்ச் வைத்தால் சும்மா உரசினாலே அழுத்தம் விழும். அவர்களுக்குச் சற்றுக் கனமான, அகலமான சுவிட்ச் வேண்டும். விசையே இல்லாதவர்களுக்குத் தொடு உணர்வி இருக்கிறது. டிடிபி223 என்ற சின்னத் தொடு பலகை, தோல் பட்டாலே போதும் என்ற அளவில் வேலை செய்யும். ஆனால் வியர்வை, எச்சில், ஈரத்துணி எல்லாம் அதற்கு விரல்தான்.

கையால் செய்யக்கூடியவை

தகட்டுச் சுவிட்ச்: சுமார் 10 செ.மீ. அளவில் இரண்டு விறைப்பான தகடுகள் வேண்டும்; பழைய குறுந்தகடுகளே போதும். உட்பக்கங்களில் செப்பு டேப் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வயரைச் சால்டர் செய்யுங்கள் (ஈயப் பற்று வைத்து ஒட்டுவது). ஓரம் முழுவதும் 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டி, செப்பு முகங்கள் எதிரெதிராக இருக்கும்படி மூடுங்கள். வயர்களின் மறுமுனை மோனோ பிளக்கில் ஒன்று முனைக்கு, ஒன்று தண்டுக்கு. செப்புக்குப் பதில் அலுமினியத் தாள் வைத்தால் சால்டர் ஒட்டாது. சுற்றிவைத்த வயர் நாளடைவில் தளர்ந்து, ஒருநேரம் வேலை செய்யும், ஒருநேரம் செய்யாது. சில மாதங்களில் ஸ்பாஞ்சு அமுங்கி, அழுத்தாமலே தகடுகள் தொடத் தொடங்கும். பட்டையை மாற்றினால் போதும். இதன் பெரிய குறை, அழுத்தியது விரலுக்குத் தெரியாது. 'டக்' என்ற சத்தமும் உணர்வும் வேண்டுமென்றால் விளையாட்டு இயந்திரங்களில் வரும் 60 மி.மீ. ஆர்கேட் பொத்தான் நல்ல தேர்வு. அதற்குள் இருக்கும் மைக்ரோசுவிட்சை ('டக்' என்று சொடுக்கும் சின்னச் சுவிட்ச்) கழற்றி, குறைந்த விசையுள்ள ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

மவுஸ் மாற்றம்: கணினியில் செருக ஒரு இடைமுகம் வேண்டும்; அதாவது சுவிட்சின் தொடுதலைக் கணினிக்குப் புரியும் சொடுக்காகவோ விசையாகவோ மாற்றும் கருவி. மிக மலிவான இடைமுகம் வயருள்ள பழைய மவுஸ். அதைத் திறந்தால் இடது பொத்தானின் கீழே மூன்று கால்களுள்ள மைக்ரோசுவிட்ச் இருக்கும். மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் தொடர்ச்சி நிலையில் வைத்து, பொத்தானை அழுத்தும்போது மட்டும் 'பீப்' அடிக்கிற இரண்டு கால்களைக் கண்டுபிடியுங்கள். அந்த இரண்டிலும் ஒவ்வொரு வயரைச் சால்டர் செய்து, மவுஸின் பக்கத்தில் துளையிட்டு 3.5 மி.மீ. சாக்கெட்டைப் பொருத்துங்கள். இனி எந்தச் சுவிட்சைச் செருகினாலும் அது இடது சொடுக்கு. விண்டோஸின் திரை விசைப்பலகையில் ஸ்கேனிங் முறையைத் திறந்து, மவுஸ் சொடுக்கைத் தேர்வு விசையாக வைத்தால் எழுத ஆரம்பித்துவிடலாம்.

நிரல்பலகை: மவுஸ் சொடுக்கு போதாது, விசை அழுத்தமாகவே வேண்டும் என்றால், நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்று வேண்டும்; ஏடிமெகா32யு4 சில்லுள்ள ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ பலகையை எடுங்கள். இவை யூஎஸ்பியில் செருகியதும் விசைப்பலகையாகத் தங்களைக் காட்டிக்கொள்ளும். பலரும் வாங்கிவிடும் ஊனோ ஆர்3 பலகை நேரடியாக இதைச் செய்யாது. சாக்கெட்டின் முனை பலகையின் 2-ஆம் பின்னுக்கு (இணைப்பு முனை), தண்டு கிரவுண்டுக்கு. அந்தப் பின்னின் உள்ளமைந்த புல்-அப்பை (அழுத்தாதபோது மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் மின்தடை) நிரலில் இயக்கினால் வேறு உதிரிபாகமே வேண்டாம். பிடிப்பு நேரத்தையும் பூட்டு நேரத்தையும் நிரலின் முதல் வரிகளிலேயே தனி எண்களாக வைத்துவிடுங்கள். அடிக்கடி மாற்றப்போவது அவற்றைத்தான். புரோ மைக்ரோவின் யூஎஸ்பி சாக்கெட் எளிதில் பிய்ந்துவிடும். ஒரு பக்கமாவது சூட்டுப் பசை வைத்து இறுக்குங்கள்.

பேட்டரித் தட்டு: பொம்மையைச் சுவிட்சால் இயக்க விரும்பினால், நடுவில் மின்கடத்தாத் தாள் வைத்த இரண்டு மெல்லிய செப்புத் துண்டுகளைப் பேட்டரிக்கும் அதன் தொடுமுனைக்கும் இடையே செருகி, அவற்றிலிருந்து வயர்களைச் சாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். பொம்மையின் சொந்தச் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும். ஆன் செய்தால் தொடர்ந்து ஓடும் பொம்மைக்கு மட்டுமே இது ஒத்துவரும். கையை அழுத்தினால் பாடும் வகைப் பொம்மைக்கு மின்சாரம் வந்தாலும் அது தன் சொந்தப் பொத்தானின் அழுத்தத்துக்காகக் காத்திருக்கும். அதைத் திறந்து அதன் பொத்தானோடு இணையாக வயர் கொடுக்க வேண்டும்.

எதுவும் வாங்காமல் போனில் பார்க்க

ஐபோனில் ஸ்விட்ச் கண்ட்ரோலும் ஆண்ட்ராய்டில் ஸ்விட்ச் ஆக்சஸும் அணுகல் அமைப்புகளுக்குள் இருக்கின்றன. முன்னது ஐஓஎஸ் 7 முதல், பின்னது ஆண்ட்ராய்டு 5 முதல். ஐபோனில் திரை முழுவதையுமே ஒரு பெரிய சுவிட்சாக வைக்கலாம். தலையை இடமோ வலமோ திருப்புவதைக் கேமரா வழியாகவும் எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் புன்னகை, புருவம் உயர்த்துதல், வாய் திறத்தல் போன்றவை சுவிட்சாகும். வெளிச்சம் மாறினால் கேமரா தடுமாறும். படுத்த நிலையில் போன் கோணம் விலகினாலும் அப்படியே. எனவே முயன்று பார்க்க நல்லது, நாள் முழுவதும் நம்ப உண்மையான சுவிட்சே மேல்.

ஸ்கேனிங்கைத் திறப்பதற்கு முன் அதை மூடும் குறுக்குவழியை அமைத்துவிடுங்கள். ஐபோனில் பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்துவது, ஆண்ட்ராய்டில் இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்துப் பிடிப்பது. இல்லையென்றால், திரையையே சுவிட்சாக வைத்திருக்கும்போது அது பழையபடி தொடுதலைக் கேட்காமல், உதவிக்கு வந்தவரே மாட்டிக்கொண்டு விழிப்பார்.

வேலை செய்யவில்லை என்றால்

முதலில் மல்டிமீட்டரால் பிளக்கின் முனையையும் தண்டையும் தொட்டு, சுவிட்சை அழுத்துங்கள். பீப் வந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் வயரைப் பிளக் அருகே மெல்ல வளைத்துக்கொண்டே மறுபடி பாருங்கள். வயர் அறுவது பெரும்பாலும் அங்கேதான். சுவிட்சிலிருந்து வயர் வெளிவரும் இடத்தில் உள்ளே ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் இழுப்பு சால்டருக்குப் போகாது.

சுவிட்ச் சரி என்றால் இடைமுகத்தைச் செருகி, எழுத்துப் பலகையைத் திறக்காமல் வெறும் எழுதும் செயலியில் விசை விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் கோளாறு நேர அமைப்புகளில் இருக்கிறது. அதுவும் சரி என்றால் சுவிட்ச் நகர்ந்திருக்கிறதா, அவர் உட்கார்ந்திருக்கும் நிலை மாறியிருக்கிறதா என்று வண்ண டேப்பையும் பழைய புகைப்படத்தையும் வைத்து ஒப்பிடுங்கள்.

ஏஎல்எஸ் போல அசைவு நாளடைவில் குறையும் நோய்களில் 20 முறைச் சோதனையை மாதம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். 18 என்று இருந்தது 15-க்கு இறங்கினால் அடுத்த இடத்தைத் தேடத் தொடங்கலாம். பழைய இடம் இன்னும் வேலை செய்யும்போதே புதியதில் தினம் பத்து நிமிடம் பழகிவிட்டால் நடுவில் பேச்சு அறுந்துபோகாது. வயரும் பிளக்கும் சேர்த்து ஒரு மாற்றுச் சுவிட்ச் எப்போதும் தயாராக இருக்கட்டும். அதே இயக்கு விசையில்.